ஏத்தினாலும் இறக்கினாலும் ரெண்டரை

ஜனவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதறேன். இங்க நாங்க மூணு பேரும் சுகம்தான், என் மணிக்கட்டு மட்டும் குளிர் வந்தா முனகுது. உன் காது எப்படி இருக்கு? போன்ல நான் கத்திக் கத்தி எதிர்வீட்டுக்கெல்லாம் நம்ம கதை தெரிஞ்சு போச்சு. அதான் பேனாவ எடுத்துட்டேன். எழுத்து கோணலா இருந்தா கண்டுக்காத. கை அப்படி.

நல்ல சேதி சொல்லிடறேன். வாலுக்கு வேலை கிடைச்சிருக்கு, ரத்தப் பரிசோதனைக் கூடத்துல. ரெண்டு பஸ் மாறி ரெண்டு மணி நேரம் போகணும். உன் மருமகளாச்சே, சும்மா இருப்பாளா? "அப்பா வண்டி கொட்டகையில தூங்குது, எழுப்பட்டுமா"ன்னு கேட்டா. மாமா எழுந்து உள்ள போயிட்டார். மூணு வருஷம் முன்னாடி விடியக்காலைப் பனியில, நின்னுட்டிருந்த லாரி மேல மோதி என் கை முறிஞ்சு தையல் நின்னு போனதோட அந்த வண்டிய அவர் தொடவே இல்லை. இருபத்தெட்டு வருஷம் வாடகைக்கு ஓட்டின மனுஷன், ஒரு சின்னக் கீறல் விழ விட்டதில்ல. கண்ணு மங்கினது அவருக்கே தெரியல பாவம். ஆஸ்பத்திரி வராண்டாவுல நீ சொன்னப்பதான் எனக்கே உறைச்சுது.

புது பேட்டரி போட்டு வாலு சாவியத் திருப்பினா. ஸ்பிரிங் இல்லாம காத்துப்பை மேல நிக்கற வண்டியாச்சே, காத்து ஏத்தற கம்ப்ரஸர் உறுமிச்சு, வண்டி எழுந்துச்சு. ஆனா முன்பக்கம் ஏறுது, இறங்குது, மறுபடி ஏறுது. இடது பின்பக்க மூலை மட்டும் எழவே இல்லை, உக்காந்தது உக்காந்தபடிதான். எச்சரிக்கை முன்பக்கத்துக்குக் காட்டுது, அந்த மூலைக்கு ஒண்ணும் காட்டல. நீ ரிப்பேர் பாத்த வண்டிதானே, என்னன்னு சொல்லுடா திருகாணி.

அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். நான் சுகம். காது பழையபடிதான், வலது காதுல ஒரு கம்ப்ரஸர் நிக்காம ஓடிட்டே இருக்கு. உங்க கைக்கு வெந்நீர் ஒத்தடம் குடுங்க, வெயிட் தூக்காதீங்க. வாலுக்கு வேலை கிடைச்சதுல ரொம்ப சந்தோஷம்.

வண்டிய விட்டுடுங்க அக்கா. பதினெட்டு வயசான வண்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு ஆயிடும். பழைய இரும்புக்காரங்க வந்து தூக்கிட்டுப் போகட்டும். வாலுக்குச் சின்னதா ஒரு வண்டி நானே ஏற்பாடு பண்றேன். காத்துப்பை இல்லாத, ஸ்பிரிங் வெச்ச, மூளை கம்மியான வண்டியா பாக்கறேன். அதுதான் பொம்பளப் பிள்ளைக்கு நிம்மதி.

இங்க ஒரே வேலை. முதலாளி நல்லவர்.

தம்பி


பிப்ரவரி 8

அன்புத் தம்பிக்கு,

சுகமா? நாங்க சுகம். நான் ஒண்ணு கேட்டா நீ ஒண்ணு சொல்றே. இடது மூலை ஏன் எழலைன்னு கேட்டேன். நீ முதலாளி நல்லவர்ங்கறே.

உன் கடிதத்தை மாமாவுக்குப் படிச்சுக் காட்டினேன். இப்பல்லாம் பேப்பர், கடிதம் எல்லாமே நான்தான் படிக்கறேன், அவர் கேட்டுக்கறார். பழைய இரும்புன்னு வந்த இடத்துல கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "வண்டி என்ன பாவம் பண்ணுச்சு? நான் பாக்காம போய் மோதினதுக்கு அது ஏன் சாகணும்"னார். தெருமுனையில இருக்கிற பட்டறைக்காரரைக் கூப்பிடலாம்னா அதுக்கும் விடல. "மாப்ள கை பட்ட வண்டி. இன்னொருத்தன் கை வெக்கக் கூடாது. அவன் சொல்லட்டும், நம்ம வாலு செய்யட்டும்"ங்கறார்.

நேத்து டம்ளரை மேசை மேலன்னு நெனச்சு அந்தரத்துல வெச்சுட்டார். தண்ணி பூரா என் துணி மேல. சரி, அது கிடக்கட்டும்.

அவர் வாய் விட்டுக் கேக்கறது இது ஒண்ணுதான். வண்டி எழுந்து நின்னா ஒரு தடவை அதுல உக்காரணுமாம். ஓட்டணும்னு சொல்லல, உக்காரணும்னுதான் சொன்னார். எப்படிச் சோதிக்கறதுன்னு எழுது.

அக்கா


மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். எல்லாரும் நலமா இருக்கணும். பதில் தாமதமாயிடுச்சு, மன்னிக்கணும்.

வாலுகிட்ட இதைக் குடுங்க. ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்துலயும் தீப்பெட்டி அளவு ஒரு கறுப்பு டப்பா இருக்கும். அதுதான் உயர சென்சார். அதுலேருந்து விரல் மாதிரி ஒரு கை நீட்டியிருக்கும், அந்தக் கையை ஒரு சின்ன ராடு சக்கரத்தோட சேத்துப் பிடிச்சிருக்கும். வண்டி தாழ்ந்தா கை மேல போகும், உயர்ந்தா கீழ வரும். அதைப் பாத்துதான் வண்டியோட மூளை எந்த மூலைக்குக் காத்து விடணும்னு முடிவு பண்ணும்.

மல்டிமீட்டரை வோல்ட்ல வெக்கணும். மூணு ஒயர்ல ஒண்ணுல அஞ்சு வோல்ட் வரணும், ஒண்ணு எர்த். மூணாவதுதான் பேசற ஒயர். ராடைக் கழட்டிட்டு கையை மெதுவா மேலேருந்து கீழ வரைக்கும் நகத்தினா, அரை வோல்ட்லேருந்து நாலரை வரைக்கும் வழுக்கிட்டுப் போற மாதிரி ஏறணும். நடுவுல குதிச்சா, சைபர் ஆனா, சென்சார் போச்சு. ராடோட ரெண்டு முனைக் குண்டும் உடைஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க.

முக்கியம்: ஜாக்கிய மட்டும் நம்பி யாரும் அடியில படுக்கக் கூடாது. காத்து இறங்கினா வண்டி சொல்லிட்டு இறங்காது. நாலு பக்கமும் கனமான மரக்கட்டை குடுத்துட்டுத்தான் தலைய நீட்டணும்.

முன்பக்கம் ரெண்டும், வலது பின்பக்கமும் பாருங்க. இடது பின்பக்கம் கை எட்டாத இடம். அது நான் வரும்போது பாத்துக்கறேன்.

தம்பி


மார்ச் 17

அன்புத் தம்பிக்கு,

நாங்க சுகம், உன் சுகத்துக்கு எழுது.

ஞாயித்துக்கிழமை கொட்டகையில ஒரே கூத்து. மாமா நாற்காலி போட்டு மேஸ்திரி மாதிரி உக்காந்துட்டார். வாலு கட்டை குடுத்து, அடியில பூந்து கையை நகத்தறா. நான் மீட்டரைப் பிடிச்சுட்டு நிக்கறேன். மாவுக்கட்டு போட்டிருந்த என் கை நடுங்க, நம்பரும் நடுங்குது. "அம்மா, நீங்க ஆடினா வோல்ட் ஆடும்"னு கீழேருந்து நக்கல் வேற. மீட்டரை அவர்கிட்ட குடுத்தேன். கிட்டக் கொண்டு போனார், தள்ளிப் பிடிச்சார், வெயில் அடிக்குதுன்னு என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டார். கொட்டகையில ஏதுடா வெயில்?

முன் வலது: ஒண்ணு, ஒண்ணேகால், ஒண்ணரை, திடீர்னு சைபர், அப்புறம் ரெண்டேகால். முன் இடதும் அதே மாதிரி நடுவுல குதிக்குது, ராடோட கீழ்க் குண்டும் உடைஞ்சு தொங்குது. பின் வலது தேன் மாதிரி ஏறுது. ஒவ்வொண்ணையும் நான் சத்தமா படிக்கப் படிக்க, அவர் தலைய ஆட்டிக் கேட்டார். "கேட்டியா, வண்டியே சொல்லுது எங்க வலிக்குதுன்னு. மாப்ள படிப்பு படிப்புதான். அவன் ரிப்பேர் பண்ணின வண்டிய கண்ணை மூடிட்டு ஓட்டலாம். நான் கண்ணைத் தொறந்து வெச்சுட்டே குருடன் மாதிரி ஓட்டினேன்"னார். என் கையைப் பாத்துட்டு வேற பக்கம் திரும்பிட்டார். எப்பவும் அப்படித்தான்.

ரெண்டு சென்சார் அனுப்பு. இடது மூலைக்கு நீ வரும்போதுங்கறே. மூணு வருஷமா வந்துட்டே இருக்கற ஆளாச்சே நீ!

அக்கா


ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நலமா இருக்கீங்களா?

பார்சல் அனுப்பியிருக்கேன். முன்பக்கத்துக்கு ரெண்டு சென்சார், ரெண்டு ராடு. வலதுக்கும் இடதுக்கும் கை எதிரெதிர்ப் பக்கம் நீட்டும், மாத்திப் போட்டா வண்டிக்குத் தலைகால் புரியாது. மாட்டினப்புறம் சமதரையில நிறுத்தி, சக்கரத்தோட நடுவுலேருந்து மேல விளிம்பு வரைக்கும் டேப் வெச்சு அளக்கணும். இடமும் வலமும் ஒரே அளவு வரணும். அப்புறம் அந்த உயரத்தை மூளைக்குக் கத்துக்குடுக்க ஒரு கருவி வேணும். தெருமுனைப் பட்டறையில இருக்கும், பத்து நிமிஷ வேலை. அதுக்கு மட்டும் மாமா சம்மதிக்கணும்.

மூணாவதா ஒரு பெட்டி இருக்கு. அது இடது பின்பக்கத்துக்கு. வாலு அதைத் தொட வேண்டாம். பட்டறைக்காரரையே மாட்டச் சொல்லுங்க. கழட்டினதைப் பாக்கவே வேண்டாம், அங்கேயே குப்பையில போடச் சொல்லிடுங்க.

மாமாவுக்கு என் வணக்கம்.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

பார்சல் வந்தது. முன்பக்கம் ரெண்டும் மாட்டியாச்சு.

இடது பின்பக்கத்தை வாலு நேத்தே சோதிச்சா. ஜாக்கியால அந்த மூலையை மேல ஏத்தினாலும் ரெண்டரை வோல்ட், கீழ இறக்கினாலும் ரெண்டரை. கை எட்டாத இடம்னு எழுதியிருந்தே. அவ கை சுலபமா எட்டுச்சு. அதை மட்டும் தொடாதேன்னு நீ எழுதினது, எங்கப்பன் குதிருக்குள்ள இல்லேன்னு சொன்ன கதையாப் போச்சு.

ராடே இல்லை. சென்சார் கையை நடுவுல நிறுத்திக் கட்டியிருக்கு, செம்புக்கம்பியால. மூணு சுத்து, முனை யார் கையிலயும் குத்தாம உள்பக்கமா மடிச்சிருக்கு. என் பள்ளிக்கூடப் பையோட காது அறுந்தப்போ நீ இப்படித்தான் கட்டிக் குடுத்தே. உனக்கு அப்ப ஏழு வயசு.

நீ அனுப்பின மூணாவது பெட்டியில இங்க நீ வேலை பாத்த பட்டறையோட சீட்டு ஒட்டியிருக்கு. தேதியும் இருக்கு. நாங்க மோதினதுக்கு நாலு மாசம் முன்னாடி தேதி.

மாமாகிட்ட ஒண்ணும் சொல்லல. நீ சொல்றதுக்கு முன்னாடி நானா ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.


ஜூன் 11

அக்காவுக்கு,

நலமான்னு கேக்க எனக்கு வாய் வரல. ஏழு கடிதம் எழுதிக் கிழிச்சேன். இதைக் கிழிக்க மாட்டேன். மாமாவுக்கு முழுசா படிச்சுக் காட்டுங்க, எதையும் விடாதீங்க.

அந்த சென்சார் தேஞ்சு போய்த் தாறுமாறா குதிச்சிட்டிருந்துது. எச்சரிக்கை விளக்கு எரிஞ்சுது. புதுசு வர பத்து நாள் ஆகும்னாங்க. மாமாவுக்கு மறுநாளே விமான நிலைய சவாரி. சென்சார் கையை நடுவுல நிறுத்திக் கட்டிட்டா, அந்த மூலை சரியான உயரத்துல இருக்குன்னு வண்டி நம்பிடும், விளக்கும் அணைஞ்சிடும். பட்டறையில எல்லாரும் அவசரத்துக்குச் செய்யறதுதான். காத்துப்பையில கையால காத்து ஏத்தி விட்டேன். பத்து நாள் தாங்கும்னு கணக்கு. சாமான் ஒன்பதாவது நாளே வந்துடுச்சு. மேசை டிராயர்ல போட்டேன். சொந்தக்காரன் வண்டிதானே, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டேன். வெளியாள் வண்டியா இருந்தா அன்னைக்கே மாட்டியிருப்பேன் அக்கா. அதுதான் என் புத்தி.

மாமா ரெண்டு தடவை சொன்னார். "லைட்டு ரோட்டுல விழாம மரக்கிளையில அடிக்குது மாப்ளே." லோடு ஜாஸ்தி ஏத்தறீங்கன்னு சிரிச்சுட்டே அனுப்பிட்டேன்.

காத்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு பின்பக்கம் இறங்கியிருக்கு. அன்னைக்கு டிக்கியில உங்க தையல் வகுப்பு மெஷின் நாலு வேற. பின்பக்கம் உக்காந்தா மூக்கு மேல பாக்கும். பனியில மேல பாத்த லைட்டு வெள்ளையா திரும்பி ஓட்டறவங்க மூஞ்சியிலயே அடிக்கும். எந்தக் கண்ணுக்கும் ஒண்ணும் தெரியாது. "எல்லாம் வெள்ளையா இருந்துது"ன்னு மாமா கட்டில்ல படுத்துட்டே சொன்னார். கேட்ட நிமிஷமே எனக்குப் புரிஞ்சு போச்சு. வராண்டாவுக்கு வந்தேன், நீங்க என்னாச்சுடான்னு கேட்டீங்க. "மாமாவுக்குக் கொஞ்ச நாளாவே கண்ணு மங்கல் அக்கா, அவருக்கே அது தெரியல"ன்னு சொன்னேன். என் வாய்தான் சொல்லிச்சு. நீங்க நம்பினீங்க, எல்லாரும் நம்பினாங்க, கடைசியில மாமாவே நம்பிட்டார்.

மாமா கண்ணுல ஒரு குறையும் இல்லை. குறை என் கையில.

ஊரை விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை அந்த வண்டிக்கு அடியில படுத்தேன், கம்பிய அறுத்துடலாம்னு. கை போகல.

என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

படிச்சுக் காட்டினேன். ஒரு வரி விடல.

முதல்ல நான் மறைச்சதைச் சொல்லிடறேன். உனக்கு மனசு கஷ்டப்படும்னு இதுவரைக்கும் எழுதல. மாமாவுக்குக் கண்ணு போயிட்டிருக்கு. கண்ணுக்குள்ள அழுத்தமாம், ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா இருட்டிட்டு வருது. போனது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாத்த சொட்டு மருந்து விடறோம். ரெண்டு வருஷம் முன்னாடி தொடங்கியிருக்கும்னு டாக்டர் சொன்னார். "டிரைவர்ங்கறீங்க, லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் பரிசோதனை இருக்குமே, அதுல அப்பவே பிடிச்சிருக்கலாமே"ன்னு கேட்டார். நாங்க என்னத்தைச் சொல்ல? மோதினதோட அவர் லைசென்ஸைப் புதுப்பிக்கவே இல்லை. ஓரம் தெரியலைன்னு அவர் எத்தனையோ தடவை சொன்னார். டாக்டர்கிட்ட போலாம்னா, "போன கண்ணுக்கு எதுக்கு டாக்டர்"ம்பார். நானும் சரின்னு விட்டுட்டேன். ஏற்கெனவே கெட்டுப்போன கண்ணுன்னுதானே நானும் நெனச்சேன். வண்டி சாவியை என் பட்டன் டப்பாவுல ஒளிச்சு வெச்சவ நான். அவருக்கு அது தெரியும். ஒரு நாள்கூட எடுத்ததில்ல.

நீ சொன்ன பொய் அப்ப பொய்தான். இப்ப நிஜமாயிடுச்சு. அந்தப் பொய்யாலதான் நிஜமாச்சு. இதை உனக்கு எழுதாம இருக்கணும்னு பத்து நாள் பாத்தேன், முடியல.

அவர் என்ன பண்ணினார்னு கேப்பே. கத்தல, திட்டல. மாமா கண்ணுல ஒரு குறையும் இல்லைங்கற வரியை மறுபடி படிக்கச் சொன்னார். படிச்சேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் அந்தக் கம்பியக் கேட்டார். விரலால தடவித் தடவிப் பாத்தார். மடிச்ச முனையில விரல் நின்னுச்சு. "யாருக்கும் குத்தக் கூடாதுன்னு மடிச்சிருக்கான் பாரு"ன்னார். எனக்கு அதைக் கேட்டுக் கோபம்தான் வந்துச்சு. முனையைப் பாத்த அளவுக்கு மனுஷனைப் பாத்திருக்கலாமேடா.

அப்புறம் என் கையை எடுத்து மடியில வெச்சுக்கிட்டார். மூணு வருஷத்துல முதல் தடவையா அந்தக் கையை நேரா பாத்தார், தெரிஞ்ச வரைக்கும்.

வாலு மூணாவது சென்சாரையும் மாட்டிட்டா. உயரம் கத்துக்குடுக்கப் பட்டறைக்காரரை அவரே கூப்பிடச் சொன்னார். நாலு பக்கமும் அளந்தோம், இடத்துக்கும் வலத்துக்கும் விரல்கடை வித்தியாசம் இல்லை.

நான் உன்னை மன்னிச்சேன்னு எழுத எனக்கு வரல. எப்ப வரும்னும் தெரியல. உடம்பைப் பாத்துக்கோ.

அக்கா


ஜூலை 20

மாப்ளே,

நானே எழுதறேன். உன் அக்கா அட்டையில கோடு கோடா வெட்டிக் குடுத்திருக்கா, அந்தச் சந்துக்குள்ள எழுதினா வரி ஏறி இறங்காது. ரெண்டு நாளா எழுதறேன். ஒரு எழுத்து மேல இன்னொண்ணு ஏறியிருந்தா நீயே பிரிச்சுப் படிச்சுக்கோ.

கோபம் இல்லைன்னு சொன்னா அது பொய். உன் அக்கா துணி தைக்க முடியாம பட்டன் மட்டும் வெச்சிட்டிருப்பா, எதிர்ல தலை குனிஞ்சு உக்காந்திருப்பேன். ஒவ்வொரு பட்டனுக்கும் நான்தான் காரணம்னு நெனச்சேன். மூணு வருஷம்டா. அதை நீ ஒரு வார்த்தையில தீத்திருக்கலாம்.

ஆனா ஒண்ணு. அன்னைக்கு வெள்ளையாத்தான் இருந்துது. நான் சொன்னேன்ல? நான் சொன்னது சரிதான்னு இப்ப எனக்கே தெரியுது. அது போதும்னு சொல்ல மாட்டேன். ஆனா அது பெருசு. இப்ப ராத்திரி தூக்கம் வருது.

நேத்து வண்டியில உக்காந்தேன். ஓட்டற சீட்டுல இல்லை, பக்கத்துல. வாலு ஓட்டினா. மார்க்கெட் வரைக்கும் போய் வந்தோம். பிரேக்கைக் கொஞ்சம் முன்னாடியே மிதிக்கறா, பயந்தவ. போகப் போகச் சரியாயிடும். வண்டி நல்லா நிக்குது, நாலு காலும் ஒரே மாதிரி. அது உன் வேலைதான், இல்லைன்னு சொல்லல.

நேரா பாத்தா நடுவுல கொஞ்சம் தெரியுது, ஒரு ஆள் முகம் அளவுக்கு. எத்தனை நாள் இருக்கும்னு டாக்டருக்கும் தெரியல. திட்டணும்னாலும் ஆளைப் பாத்துத்தான் திட்ட முடியும். அது இருக்கறப்பவே வந்துடு.

எந்த ரயில்னு அக்காவுக்கு எழுது. அவ பேசாம இருப்பா, ஆனா வருவா. வாலு ஓட்டுவா, நான் முன்சீட்டுல இருப்பேன். நீ இறங்கினதும் நேரா என் முன்னாடி வந்து நில்லு. பக்கவாட்டுல வந்தா எனக்குத் தெரியாது.

மாமா